ஊதா பலூனுக்கு ஒரு வக்காலத்து

முன்குறிப்பு: மொபைலில் கேம் ஆடும் பழக்கம் இல்லாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கொஞ்ச தூரம் போனதும் பேங்க் விஷயம் வந்துவிடும். பேங்க் என்றாலே தெறித்து ஓடுகிறவர்கள் பாதியோடு இறங்கிக் கொள்ளவும் :-)

டவர் டிஃபென்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு புலம்பல் நிச்சயம் கேட்கும். "இருக்கிற காசையெல்லாம் கொட்டி ஒரு டவரை ஏத்தி வச்சிருக்கேன். அது அடிச்சா படவே படாதுங்கிற மாதிரி ஒரு எதிரியை அனுப்புறான். இதெல்லாம் ஒரு நியாயமா?" எங்கள் ஆபீஸில் சின்னப் பசங்க லஞ்ச் டைமில் இதைத்தான் பேசுகிறார்கள். மெட்ரோவில் மயூர் விஹாரிலிருந்து ராஜீவ் சௌக் வரும் வரை பக்கத்து சீட்டுக்காரர் முணுமுணுப்பதும் இதையேதான். ஹிந்தியில் புலம்பினாலும் பஞ்சாபியில் புலம்பினாலும் விஷயம் ஒன்றுதான். எதிரிக்கு இம்யூனிட்டி கூடாது. அதை எடுத்துவிட வேண்டும்.

எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடப் பாடம். ஒரு பாதை இருக்கும். அதில் எதிரிகள் வரிசையாக வருவார்கள். பாதை ஓரமாக நீங்கள் டவர்களை வைக்க வேண்டும். டவர் தானாகச் சுடும். எதிரி செத்தால் காசு வரும், அந்தக் காசில் இன்னொரு டவர். எதிரி கோட்டைத் தாண்டினால் உங்கள் உயிர்க் கணக்கில் குறையும். அவ்வளவுதான். 1990-ல் அட்டாரி கேம்ஸ் கொண்டு வந்த 'ராம்பார்ட்' என்ற ஆட்டத்தை இந்த வகைக்குப் பாட்டன் என்பார்கள். பிறகு 'வார்கிராஃப்ட் 3'-க்காக ரசிகர்களே செய்த மேப்புகளில் இது வளர்ந்தது. 2007-ல் 'டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்' வந்து உலகம் முழுக்க ஆபீஸ் நேரத்தைத் தின்றது. அதே வருஷம் நியூசிலாந்தின் நிஞ்ஜா கிவி கம்பெனி, குரங்குகள் பலூன்களை உடைக்கும் 'ப்ளூன்ஸ் டவர் டிஃபென்ஸ்' ஆட்டத்தை விட்டது. அதன் ஆறாம் பாகம் 2018-ல் வந்தது. என் மொபைலில் இருப்பது அதுதான். ஃப்ளாஷ் 2020 கடைசியோடு மூடப்பட்டுவிட்டாலும், ஃப்ளாஷில் பிறந்த இந்தக் குரங்குகள் மொபைலுக்குக் குடிபெயர்ந்து சௌக்கியமாக இருக்கின்றன.

இனி இம்யூனிட்டி. இந்த ஆட்டத்தில் கறுப்பு பலூனுக்கு வெடிகுண்டு ஆகாது. வெள்ளைக்குப் பனி ஆகாது. வரிக்குதிரை பலூனுக்கு ரெண்டுமே ஆகாது. ஈய பலூன் மேல் கூரான ஈட்டி பட்டால் 'டங்' என்று திரும்பிவிடும். ஊதா பலூனை நெருப்பு, மந்திரம், பிளாஸ்மா எதுவும் தொடாது. இது போக கேமோ என்று ஒரு ரகம். கண்ணுக்கே தெரியாது. அதைப் பார்க்கத் தெரிந்த குரங்கு இருந்தால்தான் சுடும். மற்ற குரங்குகள் சும்மா வேடிக்கை பார்க்கும், கையில் எவ்வளவு பெரிய ஆயுதம் இருந்தாலும்.

ஆக, மந்திரவாதிக் குரங்கு மேல் மொத்தக் காசையும் இறக்கினவருக்கு 25-வது ரவுண்டில் வயிற்றில் புளி கரைக்கும். அந்த ரவுண்டில்தான் ஊதா வருகிறது. டார்ட் குரங்குகளை மட்டும் வரிசை கட்டி வைத்தவருக்கு 28-ல் ஈயம். கோபம் வருவது நியாயம்தான். போட்ட முதல் கண் முன்னாலேயே வாராக் கடன் ஆவதைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இருந்தாலும் இம்யூனிட்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பி.காம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எல்லா டவரும் எல்லா எதிரியையும் அடிக்கும் என்று வையுங்கள். அப்போது டவருக்கும் டவருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? ஒரு காசுக்கு எத்தனை அடி விழுகிறது என்ற ஒரே எண். எட்டும் தூரம், வேகம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் கடைசியில் எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்து அடங்கிவிடும். ஒரு எக்செல் ஷீட் போதும், எது சிறந்த டவர் என்று ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு? அதையே வாங்கு, அதையே வாங்கு, இன்னும் பத்து வாங்கு. மீதி இருபது குரங்கும் கடை பொம்மை. கம்பெனிக்காரன் அந்த டவரின் விலையை ஏற்றினால் அடுத்தது முதலிடத்துக்கு வரும், அவ்வளவுதான். விலையை மட்டும் வைத்துக்கொண்டு பேலன்ஸ் செய்ய நினைத்தால் ராஜா மாறுவார், ராஜாங்கம் மாறாது.

இம்யூனிட்டி இருந்தால் இந்த ஒற்றை எண் உடைகிறது. பாம்ப் ஷூட்டரையும் ஐஸ் குரங்கையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது, ஏனென்றால் ஒன்றால் முடிவது மற்றதால் முடியாது. ஊதா பலூன் மந்திரவாதிக்குக் கொடுக்கும் தண்டனையை மட்டும் பார்க்கிறோம். அது ஓரமாக நிற்கும் சாதாரண டார்ட் குரங்குக்குப் போட்டுக் கொடுக்கும் சோற்றைப் பார்ப்பதில்லை. இம்யூனிட்டி என்பது மற்ற டவர்களுக்கான வேலை வாய்ப்புத் திட்டம் என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் எந்த இம்யூனிட்டி வைத்தாலும் சரியா? இல்லை. என் கணக்கில் மூன்று நிபந்தனை உண்டு.

ஒன்று, முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

2009-ல் வந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்' இதில் உத்தமம். ஆட்டம் தொடங்கும் முன் தெருவில் நிற்கும் ஜாம்பிகளைக் காட்டுவான். பலூனில் பறந்து வருகிறவன் நிற்கிறானா? சரி, கள்ளிச்செடியை எடுத்து வை. கம்பிக்கதவைக் கேடயமாகப் பிடித்தவனா? கதவை ஊடுருவும் புகைக் காளானை எடு. பார்த்த பிறகும் எடுக்காவிட்டால் அது உங்கள் பாடு. ப்ளூன்ஸில் வேறு மாதிரி. வழக்கமான ஆட்டத்தில் ரவுண்டுகளின் வரிசை மாறுவதில்லை. 24-ல் கேமோ, 25-ல் ஊதா, 28-ல் ஈயம், 40-ல் மோப் என்ற பெரிய கப்பல். இ.எம்.ஐ. தேதி மாதிரி அச்சடித்து வைத்திருக்கிறது. நேற்று புதிதாக ஆரம்பித்தவனுக்கு அதிர்ச்சிதான். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த தடவை தயாராக வரலாம். சொல்லாமல் கொள்ளாமல் நாளுக்கொரு தேதியில் வரும் இம்யூனிட்டிதான் அநியாயம். அது திறமையைச் சோதிப்பதில்லை, ராசியைச் சோதிக்கிறது.

இரண்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் குறைந்தது ரெண்டு சாவியாவது இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது ஏழைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும்.

ஈய பலூனுக்கு ஒரே பதில் பாம்ப் ஷூட்டர்தான் என்று இருந்தால், ஆட்டம் தொடங்கும்போதே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிப் போட்டுவிடுவார்கள். அதன் பெயர் தேர்வு இல்லை, கட்டாய வரி. ப்ளூன்ஸில் ஈயத்துக்கு குண்டும் உண்டு, மந்திரவாதியின் நெருப்பும் உண்டு. ரசவாதிக் குரங்கு பக்கத்துக் குரங்குகளின் ஈட்டியை அமிலத்தில் தோய்த்துக் கொடுத்து அவர்களையே ஈயம் உடைக்க வைப்பதும் உண்டு. கேமோவுக்கு, பிறவியிலேயே பார்வை உள்ள நிஞ்ஜா குரங்கு ஒரு வழி. கிராமத்தில் ரேடார் போட்டு சுற்றியுள்ள எல்லோருக்கும் கண் கொடுப்பது இன்னொரு வழி. எந்த வழி உங்கள் பாதைக்கும் பைக்கும் ஒத்து வரும் என்று யோசிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

மூன்று, எல்லாம் திறக்கும் ஒற்றைச் சாவி ஒன்று இருந்தால் அது விலையிலும் எல்லையிலும் கட்டுப்பட்டே இருக்க வேண்டும்.

அதே கிராமத்தை மூன்றாம் படிக்கு ஏற்றினால் 'மங்கி இன்டெலிஜென்ஸ் பீரோ' ஆகும். அதன் வட்டத்துக்குள் இருக்கும் எல்லாக் குரங்கும் எல்லா ரக பலூனையும் உடைக்கும். நான் மேலே சொன்ன இம்யூனிட்டி வசனம் எல்லாம் அங்கே செல்லாது. இது எனக்கு உறுத்திய விஷயம். ஆனாலும் கம்பெனி ரெண்டு கடிவாளம் போட்டிருக்கிறது. விலை கனமானது, வட்டம் சிறியது. அந்த வட்டத்துக்குள் வரவேண்டும் என்று எல்லா டவரையும் ஒரே இடத்தில் குவித்தால் பாதையின் மீதி பகுதி வெறிச்சோடிவிடும். அதனால் மன்னித்து விடலாம். விலையைக் குறைத்து வட்டத்தையும் பெரிசாக்கினால், அன்றைக்கே மற்ற எல்லா இம்யூனிட்டியும் வெறும் பெயிண்ட்.

உருகுவே நாட்டின் அயர்ன்ஹைட் 2011-ல் கொடுத்த 'கிங்டம் ரஷ்' இன்னொரு ரூட். அங்கே கவசம் போட்டவனுக்கு அம்பு உறைக்காது, ஆனால் பெரும்பாலும் கொஞ்சமாவது உறைக்கும். மந்திரம் நன்றாக உறைக்கும். மந்திர எதிர்ப்பு உள்ளவனுக்கு அப்படியே தலைகீழ். முழுப் பூஜ்யத்துக்குப் பதில் தள்ளுபடி. புதியவர்களுக்கு இது மென்மையான முறை, ஒத்துக் கொள்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தது பூஜ்யம்தான். பாதி அடி விழுந்தால் 'இன்னும் நாலு டவர் போட்டால் சரியாகிவிடும்' என்று மனசு சாக்குச் சொல்லும். அடியே விழவில்லை என்றால்தான் யோசிக்க ஆரம்பிக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர்த் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டம் என்ன? புலி 3, ஆடு 15. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆடு புலியை ஒன்றுமே செய்ய முடியாது. முழு இம்யூனிட்டி! சுற்றி நின்று நகர விடாமல் அடைக்கத்தான் முடியும். 'ஆட்டுக்கும் ஒரு பல் கொடுங்கய்யா' என்று எந்தத் தாத்தாவும் கேட்டதில்லை. ஆட்டுக்குப் பல் கொடுத்தால் அது வேறு ஆட்டம் என்று அவருக்குத் தெரியும். பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம். அதுதான் அங்கே பேலன்ஸ்.

சரி, 40 வயசு தாண்டின பேங்க் ஆபீசருக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்கிறீர்களா? வருகிறேன்.

ப்ளூன்ஸில் 90-வது ரவுண்டில் டி.டி.டி. என்று ஒரு கப்பல் வரும். மோப் 200 அடி தாங்கும் என்றால் இது 400 தாங்கும். அதை விடப் பெரிய கப்பல்கள் உண்டு, 4000 தாங்குவது, 20,000 தாங்குவது எல்லாம். ஆனால் ஆட்டத்தை முடித்து வைப்பது பல நேரம் இந்த 400-தான். ஏனென்றால் இது கேமோ, ஈயம், கறுப்பு மூன்று குணமும் சேர்ந்தது, அதோடு பேய் வேகம். பணம் இருக்கிறது, டவர் இருக்கிறது, எல்லாம் பார்த்துக்கொண்டே நிற்க, அது பாட்டுக்குக் கடந்து போகும்.

டி.டி.டி. என்றதும் தில்லிவாசிக்கு வேறு ஒன்று ஞாபகம் வரும். கொசு மருந்து! 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம் என்று நாடு முழுக்க வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். 1965-ல் மலேரியா நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தார்கள். 1976-ல் அது 64 லட்சம். காரணங்கள் பல, மருந்து சப்ளை, மெத்தனம், எல்லாம் உண்டு. அதில் ஒன்று, கொசுவுக்கே டி.டி.டி. எதிர்ப்பு வந்துவிட்டது. ஒரே டவரை நாடு முழுக்க நட்டு வைத்ததன் பலன். பிறகு 1996-ல் தில்லியை டெங்கு உலுக்கியபோது 10,000 பேருக்கு மேல் படுத்தார்கள், 400 பேருக்கு மேல் இறந்தார்கள். இது பரப்பும் கொசு வேறு, பகலில் கடிக்கும். ராத்திரி கொசுவலை கட்டித் தூங்குகிறவனை அது காலை பத்து மணிக்குப் பார்த்துக் கொள்ளும். சாக்கடையில் மருந்து அடித்தால் இது ரூமுக்குள் கூலர் தண்ணீரில் குடும்பம் நடத்தும். அதனால்தான் இங்கே கோடையிலும் மழையிலும் முனிசிபாலிட்டி ஆள் வந்து கூலரைத் திறந்து பார்க்கிறார். அவருக்கு அலுத்துக் கொள்ளாதீர்கள், அவர்தான் உங்கள் கேமோ டிடெக்ஷன்.

இப்போது பேங்க். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருடன் கார்டின் கறுப்புப் பட்டையைக் காப்பி அடிப்பான். அதற்கு சிப் கார்டு வந்தது. 2018 டிசம்பர் 31-க்குள் பழைய பட்டைக் கார்டுகளை மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. இணையத்தில் வெறும் கார்டு நம்பரை வைத்துத் திருடினான். அதற்கு 2009 ஆகஸ்டிலிருந்து இரண்டாவது அடையாளச் சோதனை கட்டாயம், அதன் வாரிசுதான் நமக்கெல்லாம் பழகிப்போன ஓ.டி.பி. ஒவ்வொன்றும் நல்ல டவர். ஒவ்வொன்றும் தன் வகை எதிரியை இன்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இவை எதுவுமே படாத ஒரு எதிரி வந்துவிட்டான். 'டிஜிட்டல் கைது'. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வருவான். உங்கள் பெயரில் பார்சலில் போதை மருந்து வந்திருக்கிறது, காமிரா முன்னாலேயே உட்கார், யாரிடமும் பேசாதே, விசாரணை முடியும் வரை பணத்தை இந்த அக்கவுண்டுக்கு மாற்று என்பான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. யோசித்துப் பாருங்கள். கார்டு அசல். பாஸ்வேர்டு சரி. ஓ.டி.பி. சரி. கையெழுத்துப் பொருந்துகிறது. பணத்தை அனுப்புவது கணக்குக்கு உரியவரேதான். நம்முடைய எல்லா டவருக்கும் இவன் கேமோ. சிஸ்டத்தின் கண்ணில் எந்தத் தப்பும் நடக்கவே இல்லை.

எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளை வெளிநாட்டில். மூன்று ஃபிக்ஸட் டெபாசிட்டையும் உடைத்து ஒரே அக்கவுண்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். படிவங்கள் எல்லாம் சுத்தம். கவுண்டரில் இருந்த பெண்மணி ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம் இருப்பவர். கம்ப்யூட்டர் என்றால் இன்றைக்கும் ஒரு விரலால்தான் தட்டுவார். அவர் பார்த்தது இதுதான்: பெரியவர் சட்டைப் பையில் போனை நிமிர்த்தி வைத்திருக்கிறார், காமிரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது, அவர் அதைத் தொடவும் பயப்படுகிறார். இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் "பாய் சாஹப், யாராவது மிரட்டுகிறார்களா?" என்று ஹிந்தியில் எழுதி, காமிராவுக்குத் தெரியாமல் பாஸ்புக்குக்குள் வைத்து நீட்டினார். பெரியவர் படித்தார். கை நடுங்கியது. தலையை மட்டும் ஆட்டினார். பணம் போகவில்லை. பிறகு 1930-க்கு போன் போட்டது, புகார் கொடுத்தது எல்லாம் வழக்கமான வேலை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் மாதிரி இடங்களில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரு காசுக்கு எத்தனை வேலை? அந்த ஒற்றை எண்ணில் பார்த்தால் ஒரு விரல் டைப்பிஸ்ட் கடைசி இடம். ஆப் முதல் இடம். அதனால் கவுண்டரைக் குறை, ஆளைக் குறை, எல்லாவற்றையும் ஆப்பில் ஏற்று என்பார்கள். ஆப்புக்கு நான் எதிரி இல்லை, நூறு கோடி சாதாரண பலூனை அதுதான் உடைக்கிறது. ஆனால் எதிரியின் இம்யூனிட்டியைச் சேர்க்காமல் போடும் எந்தக் கணக்கும் சிறந்த டவரைத் தப்பாகவே காட்டும். கேமோ வராத வரைக்கும் நிஞ்ஜா குரங்கு தண்டச் செலவு மாதிரிதான் தெரியும். நிஜ வாழ்க்கையில் ரவுண்டு நம்பரும் யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

அதனால்தான் ஊதா பலூன் இருக்கட்டும் என்கிறேன். 'என்கிட்ட இருக்கிற நல்ல ஆயுதமே எல்லாத்துக்கும் போதும்' என்ற நினைப்பை, உயிர்ச்சேதம் இல்லாமல் ஒரு பையனுக்கு உடைத்துக் காட்ட இதைவிட மலிவான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. தோற்றால் என்ன, 'ரீஸ்டார்ட்' இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு அது இல்லை.

கேம் செய்கிறவர்களே, இம்யூனிட்டியை எடுக்காதீர்கள். முன்னால் சொல்லுங்கள், ரெண்டு சாவி கொடுங்கள், மாஸ்டர் சாவியைப் பூட்டி வையுங்கள். ஆடுகிறவர்களே, 25-வது ரவுண்டு வருவதற்குள் மூலையில் ஒரு சாதாரண டார்ட் குரங்கையும் நிறுத்தி வையுங்கள். பெரிய செலவில்லை.

பி.கு.: ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்று ராத்திரி போன் செய்யும்போது டிஜிட்டல் கைது பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 1930 என்ற நம்பரையும் ஒரு பேப்பரில் பெரிசாக எழுதி போன் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ரேடார் போட்ட புண்ணியம் உங்களுக்கு.